இரண்டு பேருக்குப் பாடும் பெட்டிகள்

பார்சல் வந்து இறங்கிய அன்று, பல் டாக்டரிடம் காட்ட வந்திருந்தவர்கள் கன்னத்தைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவ்வளவு பெரிய பார்சல். பார்த்த அதிர்ச்சியில் ஒருவருக்குப் பல்வலியே போய்விட்டது. அவர் அப்படியே வீட்டுக்குக் கிளம்பியதில் டாக்டருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பார்சல் டாக்டருக்கு வந்ததல்ல, டாக்டரின் வீட்டுக்காரருக்கு வந்தது. அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். டிப்போவில் அவருக்கு டிரைவர் என்று பெயர். தெருவிலும் அதுதான். மனைவியைத் தவிர எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், மனைவி மட்டும் “என்னங்க” என்பார். முன்னறையில் டாக்டரின் கிளினிக், அதற்குப் பின்னால் ஹால். டிரைவர் பார்சலை ஹாலுக்கு இழுத்துப் போய்ப் பிரித்தார். அளவாக அறுத்துத் துளை போட்ட பலகைகள், இரண்டு பெரிய ஸ்பீக்கர், இரண்டு சின்ன ஸ்பீக்கர், செம்புக் கம்பிச் சுருள்கள் உட்கார்ந்திருக்கும் இரண்டு அட்டை, ஒரு மூட்டை வெள்ளைப் பஞ்சு, வயர், திருகாணி. சரியாகச் சேர்த்தால் ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டி கிடைக்கும். தப்பாகச் சேர்த்தால் ஒரு ஜோடி செருப்பு அலமாரி கிடைக்கும். எப்படியும் நஷ்டமில்லை என்பது டிரைவரின் கணக்கு.

கடையில் செய்து வைத்ததை வாங்காமல் இதென்ன வேலை என்று டாக்டரின் தம்பி கேட்டான். அவன் ஜிம் நடத்துகிறவன். எதையும் தூக்கிப் பார்த்துத்தான் மதிப்பிடுவான். டிரைவர் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. உண்மையான பதில் கொஞ்சம் வெட்கப்படக் கூடியது.

ஒரு நாள் சாயங்காலம் நடந்தது அது. அவர் ஷிஃப்ட் முடிந்து வந்து, டாக்டருடைய கடைசி நோயாளி வாயைத் துடைத்துக்கொண்டு போன பிறகு, இருவரும் வழக்கம்போல ஹால் சோபாவில் காபியோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த சோபாவில் இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவது ஆள் வந்தால் யாராவது ஒருவர் எழுந்து காபி போடத்தான் போக வேண்டும். நாள் முழுக்க அவர் ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம். இருவரும் சேர்ந்து சும்மா இருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். அன்றைக்கு டாக்டர் காதைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

“மெஷினை நிறுத்திட்டேங்க. ஆனா காதுக்குள்ள அது ஓடிக்கிட்டேதான் இருக்கு.”

பல்லைக் குடையும் மெஷினின் சத்தம். டிரைவர் தன் காதை டாக்டரின் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார். அவருக்கும் லேசாகக் கேட்டது என்று பிறகு டிப்போவில் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் மறுபடி முதலிலிருந்து சொல்வார் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தச் சத்தத்தைத் துடைத்து எடுக்கிற மாதிரி ஒரு பாட்டுக் கேட்க வேண்டும், அதற்கு நல்ல பெட்டி வேண்டும், அதைத் தன் கையாலேயே செய்து தர வேண்டும். இதுதான் மச்சினனிடம் சொல்லாமல் விட்ட பதில்.

பார்சலோடு வந்த விளக்கத் தாளில் எழுத்தே கிடையாது, எல்லாம் படம்தான். சரியாகச் செய்கிற ஆள் சிரிப்பான், தப்பாகச் செய்கிறவன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்பான். டிரைவர் சிரிக்கிறவனையே நம்பிப் போனார். பலகைகளைப் பசை போட்டு ஒட்டி, அழுத்தம் கொடுக்க டிப்போவிலிருந்து ஒரு ஸ்டெப்னி டயரை இரவல் வாங்கிவந்து மேலே ஏற்றினார். பசை காயும் வரை அவருடைய பஸ் ஸ்டெப்னி இல்லாமலே ஓடியது. ஒரு டயர்கூடப் பஞ்சராகவில்லை. டயர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை.

பெட்டி காய்ந்ததும் டாக்டர் வந்து பார்த்தார். கையில் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடி இருந்தது. அதன் பிடியால் பலகையை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார், பல்லைத் தட்டிப் பார்ப்பது போல. ஓரிடத்தில் நின்றார்.

“இங்க சொத்தை இருக்கு.”

டிரைவர் ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் மறுபடி தட்டினார். மற்ற இடமெல்லாம் கெட்டியாக ‘டொக்’ என்றது, அந்த இடம் மட்டும் பொக்கையாக ‘பொத்’ என்றது. உள்ளே பசை பிடிக்காத இடைவெளி. டாக்டர் கிளினிக்கிலிருந்து பல் அடைக்கும் சிமெண்டைக் குழைத்து வந்து அடைத்தார், நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார். அரை மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிடக் கூடாது என்று பெட்டியிடம் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போனார்.

பஞ்சை உள்ளே திணித்தது போக மீதி நிறைய இருந்தது. சத்தத்தை உறிஞ்சுகிற பஞ்சு, வீணாக்க மனமில்லை. டிரைவர் அதைப் பஸ் எஞ்சின் மூடிக்கு அடியில் அடைத்தார். மறுநாள் முதல் அந்தப் பஸ் வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை. நிறுத்தத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ் ஆளை ஏற்றாமலே போய்விட்டிருந்தது. டிப்போ மேனேஜர் கூப்பிட்டு, பஸ் என்றால் கொஞ்சம் சத்தம் போட வேண்டும் என்று தன்மையாகச் சொல்லிப் பஞ்சை எடுக்க வைத்தார்.

பெட்டிகள் முடிந்தன. சோபாவுக்கு எதிர்ச் சுவரோரம் வலது மூலையில் ஒன்று, இடது மூலையில் ஒன்று. டாக்டருக்குப் பிடித்த பாடகியின் சிடியைப் போட்டு இருவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். பாட்டு வந்தது. ஆனால் பாடகி வீட்டுக்குள் எங்கோ இருக்கிறாரே தவிர ஹாலில் இல்லை. டிரைவர் சமையலறையில் போய்ப் பார்த்தார். குரல் குளியலறைப் பக்கம் கேட்பதாக டாக்டர் சொன்னார். மத்தளம் அடிப்பவர் வேலைக்கே வரவில்லை, அடிச்சத்தம் என்பது மருந்துக்கும் இல்லை.

டிரைவர் பெட்டிகளைக் கழற்றினார். டார்ச் பேட்டரி ஒன்றை எடுத்து, பெட்டிக்குள் போகும் சிவப்பு வயரிலும் கறுப்பு வயரிலும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு பெட்டியில் ஸ்பீக்கரின் வட்டம் முன்னால் எழும்பியது. இன்னொன்றில் உள்ளே இழுத்துக்கொண்டது. ஒன்றில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்திருந்தார். ஒன்று மூச்சு விடும்போது மற்றது மூச்சை இழுத்து, ஒன்று சொல்வதை மற்றது அழித்துக்கொண்டே வந்திருக்கிறது.

“கல்யாணம் ஆன புதுசுல நாம இருந்த மாதிரி,” என்றார் டாக்டர்.

வயரை மாற்றியதும் பாடகி ஹாலுக்கு வந்துவிட்டார். மத்தளக்காரரும் வந்தார். இரண்டு பெட்டிக்கும் நடுவே, சுவரில் சுவிட்ச் போர்டு இருக்கும் இடத்துக்கு முன்னால், ஆள் நிற்பது போலக் குரல் நின்றது. பாடகி இரண்டு வரிக்கு நடுவே எச்சில் விழுங்குவது கேட்டது. வயலின்காரரின் முழங்கால் ஒரு முறை சொடுக்கியது கேட்டது. டாக்டர் தலையைச் சாய்த்து ‘ச’ வருகிற இடங்களை மட்டும் கவனமாகக் கேட்டுவிட்டு, இந்த அம்மாவுக்குக் கீழ்வரிசையில் ஒரு பல் ஆடுகிறது, சீக்கிரம் காட்டச் சொல்லணும் என்றார். பெட்டிகள் எவ்வளவு துல்லியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

பாடகி நடுவில் நிற்பது ஒரே ஒரு இடத்திலிருந்து கேட்டால்தான் என்பதை டிரைவர் கண்டுபிடித்தார். இரண்டு பெட்டிக்கும் சமதூரத்தில் தலை இருக்க வேண்டும். சோபாவின் நடுவில் உட்கார்ந்தால் சரி. கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தாலும் அம்மா ஓடிப்போய் வலது பெட்டிக்குள் புகுந்துகொள்வார். இடப்பக்கம் நகர்ந்தால் இடது பெட்டிக்குள். டிரைவர் அந்த இடத்தில் தரையில் டேப் ஒட்டினார். பிறகு சோபாவைப் பின்சுவருக்குத் தள்ளினார். தலை ஆடாமல் இருக்க ஒரு நாற்காலி தேவைப்பட்டது. டாக்டர் புது நாற்காலி வாங்கியபோது பின்கட்டில் போட்டிருந்த பழைய பல் நாற்காலி ஞாபகம் வந்தது. அதை டேப் மேல் கொண்டுவந்து நிறுத்தி, சாய்த்து, தலைதாங்கியை இறுக்கி, படுத்துக் கேட்டார்.

அந்த மாதிரி யாரும் எங்கும் பாட்டுக் கேட்டிருக்க மாட்டார்கள். பல் நாற்காலியின் பழக்கதோஷத்தில் வாய் மட்டும் திறந்தே இருந்தது.

தினமும் சாயங்காலம் அவர் நாற்காலியில், டாக்டர் பின்சுவரோரம் சோபாவில் ஓர் ஓரத்தில். டாக்டரும் ஒன்றிரண்டு முறை நாற்காலியில் படுத்துப் பார்த்தார். பல வருஷம் அடுத்தவர்களைப் படுக்க வைத்த நாற்காலி அது. படுத்ததும் அவருக்கு வாயைக் கொப்பளிக்கத் தோன்றியது, பாட்டு மனதில் ஏறவில்லை. காபி டம்ளர் இரண்டும் வெவ்வேறு இடத்தில் ஆறின. டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு, இப்போ வயலின் இடப்பக்கம் கேக்குதா, இப்போ பார் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பின்னாலிருந்து பதில் வராது. வராததையும் அவர் கவனிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் பாட்டு முடிந்து திரும்பிப் பார்த்தால் டாக்டர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தார். கோபமாக இருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அவர் முகம் சாதாரணமாக இருந்தது.

“ஞாயித்துக்கிழமை தம்பி வண்டி எடுத்துட்டு வர்றான். ஜிம்முக்கு இந்தப் பெட்டி வேணுமாம். நான் ஒண்ணும் சொல்லல. இது ரெண்டு பேருக்கும் பாடினா இங்க இருக்கட்டும். ஒருத்தருக்குத்தான் பாடும்னா அவன் எடுத்துட்டுப் போகட்டும்.”

கொஞ்சம் நிறுத்தி, “இதை ஆரம்பிச்சது எனக்காகன்னு நினைச்சேன்,” என்றார். விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.

டிரைவருக்கு இரண்டு கவலை. பெட்டி போவது ஒரு பக்கம். தன் பெட்டிகள் ஜிம்மில், வியர்வை வாடையில், ‘தூக்கு, இன்னும் தூக்கு’ என்று கத்துகிற பாட்டுக்கு நெஞ்சதிர நிற்பதை நினைக்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் அதைவிட அந்தக் கடைசி வாக்கியம்தான் குடைந்தது. மனைவியின் காதில் ஓடும் மெஷினை நிறுத்தப் போனவர், அந்தக் காதில் பஞ்சு அடைக்க வைத்துவிட்டார். பல் நாற்காலியைப் பின்கட்டுக்குத் திருப்பித் தள்ளினார். சோபாவை இழுத்துப் பழைய இடத்தில் போட்டார். அவர் இடப்பக்கம், டாக்டர் வலப்பக்கம். பாட்டைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடகி எங்கே நிற்கிறார் என்று இருவரும் விரல் நீட்டிப் பார்த்தார்கள். டாக்டரின் விரல் வலது பெட்டியைக் காட்டியது. டிரைவரின் விரல் இடது பெட்டியை. ஒரே பாட்டு, இரண்டு பாடகிகள்.

பெட்டியை நெருக்கி வைத்தார், தள்ளி வைத்தார், உயரத் தூக்கி வைத்தார். யாருக்குப் பக்கத்தில் எந்தப் பெட்டி இருக்கிறதோ அதன் சத்தம்தான் முந்திக்கொண்டு, பெரிதாக, அவர் காதில் வந்து விழுந்தது. பெட்டிமேல் தப்பில்லை. பக்கத்தில் இருப்பவன் பேச்சு எடுபடுவது உலக வழக்கம்.

சனிக்கிழமை பஸ்ஸில் ஒரே நெரிசல். டிரைவர் ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தாரே தவிர மனசு ஹாலில் இருந்தது. அவருக்குப் பின்னால் நின்று கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரைக் கத்தினார். அவருக்கு விசில் என்று பட்டப்பெயர். கத்தினால் பக்கத்து ரூட் பஸ்ஸும் நின்றுவிடும், அந்தத் தொண்டைக்கு வந்த பெயர். அப்போதுதான் டிரைவருக்கு உறைத்தது. விசில் இவ்வளவு பக்கத்தில் நின்று கத்தியும் தன் காது ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது? கடைசி சீட்டில் இருப்பவனுக்கும் அதே அளவு கேட்கிறதே, எப்படி? வண்டியைக் கடைசி நிறுத்தத்தில் போட்டதும் அதைக் கேட்டார்.

விசிலுக்கு அந்தக் கேள்வியே விசித்திரமாக இருந்தது.

“பக்கத்துல இருக்கறவங்க மூஞ்சில கத்தினா அடிதான் விழும், டிரைவரே. நான் எப்பவும் கடைசி சீட்டுக்காரனைப் பாத்துதான் கத்துவேன். பக்கத்துல இருக்கறவனுக்கு அது தானா கேட்டுரும்.”

திரும்புகிற வழியில் பஸ் ஒரு நிறுத்தத்திலும் நிற்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். அது மிகைப்படுத்தல். ஒன்றிரண்டில் நின்றது.

ஞாயிறு காலை டிரைவர் வேலையைத் தொடங்கினார். இரண்டு பெட்டியும் இதுவரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றன, பரேடில் நிற்பது போல. அவர் டாக்டரை சோபாவில் வலப்பக்கம் உட்கார வைத்தார். இடது பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டு, அதன் தலைவழியே குறி பார்த்து, அது டாக்டரின் மூக்கைப் பார்க்கும் வரை உள்பக்கம் திருப்பினார். பிறகு டாக்டரை இடப்பக்கம் நகரச் சொல்லி, வலது பெட்டியை அவரை நோக்கித் திருப்பினார். ஸ்பீக்கர் எந்தப் பக்கம் முகம் காட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் சத்தம் கூராகப் போகும், விலாப்பக்கம் கொஞ்சம் மங்கும். ஒவ்வொரு பெட்டியும் பக்கத்தில் இருப்பவரை விட்டுவிட்டு, எட்டி இருப்பவரைப் பார்த்துப் பாடட்டும். பக்கத்துப் பெட்டி முந்திக்கொண்டாலும் அடக்கமாகக் கேட்கும். எட்டத்துப் பெட்டி பிந்தினாலும் அழுத்தமாகக் கேட்கும்.

பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டு பெட்டியும் மாறுகண் போட்டுக்கொண்டு ஒன்றையொன்று முறைத்தன. டாக்டர் எழுந்து வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

“முன்பல் ரெண்டும் உள்ள திரும்பின கேஸ் மாதிரி இருக்குங்க. என்கிட்ட வந்தா கிளிப் போட்டு நேராக்கிருவேன்.”

“இன்னிக்கு ஒரு நாள் விட்ருங்க டாக்டரே,” என்றார் டிரைவர்.

மனைவியை அவர் டாக்டரே என்று கூப்பிடுவது உள்ளுக்குள் பதற்றம் இருக்கும்போதுதான். டாக்டருக்கு அது தெரியும். போய் உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி வந்து சேர்ந்தான், தோளில் கயிற்றுச் சுருளோடு. பெட்டி ஒன்றை லேசாகத் தூக்கிப் பார்த்து, நல்ல கனம் என்று திருப்திப்பட்டுக்கொண்டான். டிரைவருக்கு ஒரு பயம். டாக்டர் பாவம் பார்த்து, எனக்கும் நடுவில்தான் கேட்கிறது என்று சொல்லிவிட்டால் பெட்டி தங்கும், ஆனால் அன்றைக்கு அவர் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம் மனதைவிட்டுப் போகாது. அதனால் சாட்சிக்கு மச்சினனை நிறுத்தினார். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு பாடகி நிற்கிற இடத்தைக் காட்டுவோம், எங்கே காட்டுகிறோம் என்று நீ சொல்லு என்றார். பெட்டியின் மேல் ஆசை வைத்திருக்கிறவனைவிட நேர்மையான சாட்சி கிடைக்க மாட்டான்.

பாட்டு தொடங்கியது. தம்புரா வந்தது. பிறகு குரல். டிரைவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை நீட்டினார். பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. டாக்டரும் கையை நீட்டிவிட்டார். ஒரு சரணம் முழுசாகப் போயிற்று.

“அக்கா நடுச் சுவத்துல இருக்கற சுவிட்ச் போர்டைக் காட்டுது,” என்றான் கடைசியில். குரலில் உற்சாகம் குறைந்திருந்தது. “மாமாவும் அந்தக் கருமத்தைத்தான் காட்டுறாரு.”

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. இருவரையும் இடம் மாறி உட்காரச் சொன்னான். பாட்டை முதலிலிருந்து வைத்தான். மறுபடியும் சுவிட்ச் போர்டு. அப்படி என்னதான் கேட்கிறது என்று அவனும் கேட்டுப் பார்க்க விரும்பினான். சோபாவில் இடமில்லை. யாரும் காபி போட எழுந்திருக்கவும் இல்லை. வலது பெட்டிக்கு வெளிப்பக்கம் தரையில் உட்கார்ந்தான். அங்கே பெட்டியின் முதுகுதான் தெரிந்தது. தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று சொல்லிப் பார்த்தான். இரண்டு முறை சொன்னான். பிறகு கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். வெளியே அவனுடைய வண்டி கிளம்புகிற சத்தத்தை இருவரில் ஒருவரும் கேட்கவில்லை.

டாக்டர் கண்ணைத் திறக்கவில்லை. கை மட்டும் இறங்கி டிரைவரின் கை மேல் கிடந்தது. பாட்டு நின்று, அடுத்த பாட்டுக்கு முன்னால் இருக்கும் சின்ன இடைவெளியில், வீடு அமைதியாக இருந்தது. டிரைவர் மெல்லக் கேட்டார்.

“மெஷின் ஓடுதா?”

டாக்டர் காது கொடுத்துப் பார்த்தார். அவசரப்படாமல், நோயாளியின் பல்லைத் தட்டிவிட்டுக் காத்திருப்பது போல.

“நிறுத்திட்டாங்க போலிருக்கு,” என்றார்.

அடுத்த பாட்டு தொடங்கியது. அந்த சிடியிலேயே மட்டமான பாட்டு அது. இருவருக்கும் பிடிக்காது, எப்போதும் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்ட வேண்டுமென்றால் யாராவது ஒருவர் சோபாவைவிட்டு எழுந்திருக்க வேண்டும். டிரைவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் அசையவில்லை. அவரும் அசையவில்லை. கடைசி வரி வரை கேட்டார்கள்.